தாய்வீட்டுத் தூரமும் செவிலியர் பதிவேடும்

டிம் டைசனும் மிக் மூரும் 1983இல் வெளியிட்ட கட்டுரை நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இந்திய மக்கள்தொகையியலில் அதை ஏற்றவர்கள் உண்டு, மறுத்தவர்கள் உண்டு. கண்டுகொள்ளாமல் போனவர்கள் அரிது. அதன் வாதம் இது: சாத்பூரா மலைத்தொடரை ஒட்டி ஒரு கோடு போட்டால், அதற்கு வடக்கே பெண்ணை முன்பின் தெரியாத ஊரில், தெரியாத வீட்டில் கட்டிக்கொடுக்கிறார்கள். தெற்கே மாமன் மகனுக்கோ அத்தை மகனுக்கோ, சில சாதிகளில் தாய்மாமனுக்கோ கொடுக்கிறார்கள். தெற்கில் தாய்வீடு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே புகுந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடுகிறது. ஆகவே பெறும் பிள்ளைகள் குறைவு. ஆகவே பெற்றவை பிழைப்பதும் அதிகம்.

சிதறிக் கிடந்த மானிடவியல் அவதானிப்புகளையும் கணக்கெடுப்பு எண்களையும் ஒரே இழையில் கோத்தது அந்தக் கட்டுரையின் சாதனை. அதில் வரும் மூன்று ‘ஆகவே’க்களும் ஒரே வலுவுடையவை என்று நம்பவைத்தது அதன் குறை. அவற்றில் எத்தனை தேறும் என்று பார்க்கக் கிருஷ்ணகிரி மாவட்டத்தைவிடக் கறாரான களம் கிடைப்பது கடினம்.

காரணம் எளிது. ஓசூர், தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டுமொழிகள். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் ஆனேக்கல்லிலும் மாலூரிலும் கனகபுராவிலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இங்கே புதிதல்ல. மாமன் மகள், அக்காள் மகள் என்ற முறை எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21) நெருங்கிய உறவில் மணந்தவர்கள் தமிழ்நாட்டில் 28 சதவீதம், கர்நாடகத்தில் 27. ஆக, டைசனும் மூரும் முதற்காரணமாக வைத்த உறவுமுறை இங்கே மாறாமல் நிற்கிறது. மாறுவது அரசு மட்டும். உறவுமுறைக்கு அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடி தெரியாது. சுகாதாரத் துறைக்குத் தெரியும்.

இப்போது எண்களைப் பார்ப்போம். முதல் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்த 1992–93 வாக்கில் சிசு மரணம் ஆயிரம் பிறப்புக்குத் தமிழ்நாட்டில் 68, கர்நாடகத்தில் 65. ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடக்கம். ஐந்தாவது ஆய்வில் தமிழ்நாடு 18.6, கர்நாடகம் 25.4. கருவள விகிதத்திலோ கதை தலைகீழ்: அன்று தமிழ்நாடு 2.5, கர்நாடகம் 2.85; ஐந்தாவது ஆய்வில் முறையே 1.8, 1.7. மரணத்தில் ஒன்றாகத் தொடங்கிப் பிரிந்தார்கள். பிறப்பில் பிரிந்து தொடங்கி ஒன்றானார்கள். மாறாத ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு எதிரெதிரான இந்த இரண்டு நகர்வுகளையும் விளக்க முடியாது.

நியாயம் கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவை மாநிலச் சராசரிகள். ராய்ச்சூரும் கலபுரகியும் கர்நாடகத்தின் மரண எண்ணை மேலே தள்ளுகின்றன, ஆனேக்கல் அப்படியல்ல. கிருஷ்ணகிரியும் தமிழ்நாட்டின் நல்ல பிள்ளை அல்ல. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி வரிசையில் நின்ற மாவட்டங்களுள் ஒன்று. எனவே இந்த ஒப்பீடு கருதுகோளைக் கொல்லவில்லை, முடமாக்குகிறது. முழுத் தீர்ப்புக்கு ஊருக்கு ஊர் ஒப்பிட வேண்டும். மாநிலச் சராசரிகளின் மேல் இவ்வளவு பெரிய கட்டடம் எழுப்பியது டைசன்–மூர் முறையியலின் முதல் பலவீனம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம். 2004இல் லூபின் ரஹ்மானும் விஜயேந்திர ராவும் கர்நாடகத்தையும் உத்தரப் பிரதேசத்தையும் கள ஆய்வுத் தரவால் ஒப்பிட்டு, அந்த உறவுமுறைச் சித்திரம் ஓரளவு பழசாகிவிட்டது என்றார்கள்; அரசின் செயலையும் பொருளியல் நிலையையும் கழிக்காமல் உறவுமுறைக்கு முழுப் பெருமை தர இயலாது என்றும் காட்டினார்கள். அளவையில் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. பார்வையின் விரிவில் மூலக் கட்டுரையே இன்னும் மேலே.

முதல் ‘ஆகவே’யைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தாய்வீடு பக்கத்தில் இருப்பதால் பெண்ணுக்குப் பலம் என்பது பொதுவாகச் சரி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள். குழந்தையின் முதல் சில மாதங்கள் அவளைப் பெற்றவளின் கண்காணிப்பில் கழிகின்றன. மிக ஆபத்தான அந்த மாதங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமும் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தாய்மாமனையே மணந்தவளின் நிலை என்ன? அவளுக்கு மாமியார், அம்மாவைப் பெற்ற பாட்டி. அன்புக்குக் குறைவிருக்காது, பெரும்பாலும். ஆனால் கணவன் கை நீட்டினால் அவள் போய்ச் சொல்ல வேண்டியது அம்மாவிடம். அந்த அம்மாவுக்கு அவன் கூடப்பிறந்த தம்பி. தாய்வீடும் புகுந்த வீடும் ஒன்றாகிவிட்ட இடத்தில், விட்டு வெளியேறும் வழி என்று கட்டுரை கொண்டாடிய கதவு சுவராகிவிடுகிறது. நெருக்கம் வேறு, தன்னுரிமை வேறு. மூலக் கட்டுரை இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

இதே உறவுமுறைக்கு உயிரியல் விலை ஒன்றும் உண்டு. ஆலன் பிட்டில்ஸும் ஜேம்ஸ் நீலும் 1994இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து, முதல்நிலை மைத்துன உறவில் பிறந்த பிள்ளைகளிடையே வளர்ந்து ஆளாகுமுன் நேரும் இறப்பு நூற்றுக்குச் சுமார் 4.4 கூடுதல் என்று மதிப்பிட்டார்கள். அக்காள் மகள் மணத்தில் குருதி நெருக்கம் அதைப்போல் இருமடங்கு. அந்த மதிப்பீட்டை அப்படியே தூக்கி இன்றைய ஓசூரில் வைக்கக் கூடாது. அதற்கு அடிப்படையான தரவுகள் இறப்பு அதிகமாயிருந்த காலத்தவை. ஆனால், குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று எந்த வழக்கத்தைச் சுட்டுகிறோமோ அதே வழக்கம் மறுகையால் சில குழந்தைகளை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கணக்கில் எழுதாமல் விடுவது ஆய்வாளனுக்கு அழகல்ல. ஒருபக்கக் கணக்கு, எவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதினாலும், கணக்காகாது.

கருதுகோளுக்குச் சாதகமான மிக வலுவான சான்று தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கிறது. அலகா மல்வாடே பாசு டெல்லியின் மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றில் தமிழ்க் குடும்பங்களையும் உத்தரப் பிரதேசக் குடும்பங்களையும் அருகருகே ஆராய்ந்தார்; 1992இல் நூலாக வந்தது. ஒரே நகரம், ஒரே மருத்துவமனைகள், ஏறத்தாழ ஒரே வறுமை. இருந்தும் தமிழ்த் தாய்மார்கள் வெளியே போனார்கள், வந்தார்கள், கேட்டார்கள். பிள்ளைகளின் உயிர் பிழைப்பிலும் ஆண்–பெண் வேறுபாட்டிலும் அது தெரிந்தது. அரசைச் சமனாக்கிப் பண்பாட்டை மாறவிட்ட ஆய்வு அது. நம் எல்லைப்புறம் அதற்கு நேர் எதிர்ச் சோதனை: பண்பாட்டைச் சமனாக்கி அரசை மாறவிடுகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இதுதான்: வெளியே போகும் கால் வேண்டும், போன இடத்தில் கதவும் திறந்திருக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது பலிக்காது.

பெங்களூருக்கு மேற்கே கால்டுவெல் தம்பதியும் பி.எச். ரெட்டியும் நடத்திய கிராம ஆய்வு (1988இல் நூல்) இதன் நுண்ணியக்கத்தைக் காட்டியது. படித்த மருமகள், மாமியாரின் உத்தரவுக்குக் காத்திராமல் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போகிறாள் என்பது அவர்கள் கண்டது. தமிழ்நாட்டில் இந்தச் சித்திரத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும். இங்கே மருமகள் போகுமுன்பே கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். கர்ப்பம் தெரிந்தவுடன் பதிவேட்டில் பெயர், கையில் தாய்சேய் நல அட்டை, ஊசி தேதி, இரும்புச்சத்து மாத்திரை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் என்பது வரை எழுதியாகிவிடும். மாமியாரோடு வாதாட வேண்டிய மருமகளுக்குப் பதிலாக ‘நர்ஸம்மா’ வாதாடுகிறார். ஐந்தாவது ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்ததற்கு ஒவ்வொரு வீட்டிலும் மருமகள் வென்றதுதான் காரணம் என்று சொல்ல யாரும் துணியமாட்டார்கள். மாமியாரின் ‘வேண்டாம்’ செல்லாக்காசானது. இதைத் தன்னுரிமை என்பதா, தன்னுரிமைக்கு மாற்று என்பதா? மாற்று என்பதே என் வாசிப்பு. மாற்று என்பதால் தாழ்ந்ததும் அல்ல. பேச்சு எடுபடாத பெண்ணின் குழந்தையையும் காப்பாற்றும் ஏற்பாடு, பேச்சு எடுபடுபவளின் குழந்தையை மட்டும் காப்பாற்றும் ஏற்பாட்டைவிட மேலானது.

குடும்ப அளவுக்கு வருவோம். இங்கேதான் கருதுகோள் மிகவும் தளர்கிறது. தமிழ்நாட்டில் கருத்தடைக்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. ஒன்று பெரியாருடையது: உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் மற்றவர்கள் கேட்ட கர்ப்பத்தடையை, பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அந்த வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. மற்றது ஆர்.ஏ. கோபாலசாமியுடையது. 1951 கணக்கெடுப்பின் ஆணையராக, மூன்றுக்கு மேற்பட்ட பிள்ளைப்பேறுகளை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று பெயரிட்டவர். பின்பு சென்னை மாநிலத்தில் அறுவை செய்துகொள்பவருக்குப் பணம் தரும் முறைக்கு வழிவகுத்தவர். எண்பதுகளின் இறுதியில் தலைமைச் செயலாளராக இருந்த டி.வி. அந்தோணி காலத்தில் மாவட்ட ஆட்சியர்கள் வரை இலக்கைத் துரத்தியது இரண்டாம் பரம்பரையின் உச்சம். மேடையில் முழங்கியது பெரியார். கோப்பில் கையெழுத்திட்டது கோபாலசாமி.

எண்கள் எந்தப் பரம்பரையின் பக்கம்? ஐந்தாவது ஆய்வில், தமிழ்நாட்டின் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் 0.1 சதவீதம். வீட்டுக்குள் சமபேரம் நடந்திருந்தால் இந்த இரண்டு எண்களும் இவ்வளவு விலகியிருக்க வழியில்லை. ஆணுடையது எளிய சிகிச்சை, பெண்ணுடையது வயிற்றைத் திறப்பது. இருந்தும் கத்தி ஒரு பக்கமே விழுகிறது. இருபதுகளின் நடுவில், இரண்டாம் பிரசவத்தோடு ‘அதையும் முடித்துவிட்டு’ வீடு திரும்புவது வழக்கமாகிவிட்டது. இதில் பெண்ணின் விருப்பமே இல்லை என்பதும் தவறு. ‘போதும்’ என்று அவளே சொல்வதுண்டு. இன்னொரு கர்ப்பத்திலிருந்து தப்ப அவள் கைக்கு எட்டும் உறுதியான வழி அதுவாக இருப்பதும் உண்டு. ஆனால் அளவைப் பெருமளவு வரைந்தது திட்டம். 1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முதல் இரு பிரசவங்களுக்கே. 1992இன் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை பெறப் பெற்றோரில் ஒருவர் அறுவை செய்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கேட்கத் தேவையில்லை.

காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம் என்ற ஐயத்தைக் கூர்மையாக எழுப்பியவர் பி.என். மாரி பட். கல்வி பிள்ளைப்பேற்றைக் குறைக்கிறது. குறைந்த பிள்ளைப்பேறு அடுத்த தலைமுறைப் பெண்ணைப் படிக்கவைக்கிறது என்று 2002இல் எழுதினார். மறு ஆண்டே மெக்நே, ஆரோக்கியசாமி, காசன் மூவரும் படிக்காத பெண்களிடையே கருத்தடை பரவியதை விளக்க அக்கம்பக்கத்தின் தாக்கத்தைச் சுட்டினார்கள். எழுத்தறிவில் பின்தங்கிய கிருஷ்ணகிரிக்கு இந்த இரண்டும் பொருந்துகின்றன. தளிப் பக்கத்துக் கேழ்வரகுக் காட்டில் களை எடுத்தவள் இரண்டோடு நிறுத்தியது தன்னுரிமையின் விளைவு அல்ல. அவள் மகள் இன்று பிளஸ் டூ முடித்துக் கம்பெனி பஸ் ஏறுவதற்கு அந்த நிறுத்தமும் ஒரு காரணம்.

அடுத்தது பெண் குழந்தை. கருதுகோள் இங்கே வெறுமனே தளரவில்லை, முறிகிறது. 2004 வரை கிருஷ்ணகிரியைத் தன்னுள் வைத்திருந்த பழைய தருமபுரி மாவட்டம், சேலம், மதுரை, தேனியோடு சேர்த்துப் பெண்சிசுக் கொலைக்குப் பேர்போனது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக்கு மூலம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளே. செவிலியர்கள் இறப்புக்கான காரணத்தை நேராக எழுதவில்லை. ‘சமூகக் காரணம்’ என்று எழுதினார்கள். அந்த இரண்டு சொற்களைப் படிக்கத் தெரிந்ததே அந்த ஆய்வின் முறையியல் வெற்றி. அதே பதிவேடுதான் குழந்தைகளைக் காப்பாற்றிய கருவியும். எந்தக் குழந்தை காப்பாற்றப்படவில்லை என்பதையும் அதுவே காட்டிக்கொடுத்தது.

உறவில் மணம், வயலில் பெண் உழைப்பு, பக்கத்தில் தாய்வீடு: மூன்றும் தருமபுரியில் இருந்தன. மூர்த்தி, கியோ, த்ரேஸ் மூவரும் 1981 கணக்கெடுப்பை வைத்து 1995இல் எழுதிய மாவட்ட ஆய்வு, பெண்கள் அதிகம் வேலைக்குப் போகும் இடத்தில் பெண் குழந்தைக்கான பாதகம் குறையும் என்று கண்டது. நாடு முழுவதற்கும் அது நிற்கிறது, தருமபுரியில் நிற்கவில்லை. சிறு குடும்பத்தை அரசு வலியுறுத்தியது, வரதட்சணை பரிசப்பணத்தின் இடத்தைப் பிடித்தது, ஆண் வாரிசு ஆசை அப்படியே இருந்தது. இடுக்கி இறுகியபோது நசுங்கியது இரண்டாவது, மூன்றாவது பெண். இன்றைய தருமபுரி எல்லைக்குள் 2001இல் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்கு 826 பெண்களே. தொட்டில் குழந்தைத் திட்டம், 1997–99இல் ஊர் ஊராகப் போன கலைப்பயணம், காவல் துறை வழக்குகள் எல்லாம் சேர்ந்து 2011இல் அதை 913க்கு ஏற்றின. கிருஷ்ணகிரி அதே கணக்கெடுப்பில் 926, மாநிலம் 943. இந்த மீட்சியும் வீட்டுக்குள்ளிருந்து வந்ததல்ல.

இன்னொன்று சங்கடமானது, ஆனால் தவிர்க்க முடியாதது. அந்தக் கொலைகளில் பல, வீட்டுப் பெண்களின் கையால் நடந்தவை. முடிவெடுப்பில் யாருக்குப் பங்கு என்று கேட்கும் ஆய்வுப் படிவம் அப்படிக் கொன்ற பாட்டியையும் தன்னுரிமை உள்ளவளாகவே பதிவு செய்யும்.

அளவுகோலின் ஊனம் இதில் தெளிகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு மூன்று கேள்வி கேட்கிறது: உங்கள் மருத்துவத்தை யார் முடிவு செய்கிறார், பெரிய பொருள் வாங்குவதை யார், உறவினர் வீட்டுக்குப் போவதை யார். நல்ல கேள்விகள்தான், மாமியார் தலைமையில் சோறு பொங்கும் வீட்டுக்கு. சூளகிரிப் பக்கத்திலிருந்து வந்து தொழிற்சாலை விடுதியில் தங்கும் இருபத்திரண்டு வயதுக்காரியிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டால் உண்மையான பதில் ‘வார்டன்’ அல்லது ‘ஷிப்ட் சூப்பர்வைசர்’. படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. அதே ஆய்வு தமிழ்நாட்டில் 38.1 சதவீத மனைவியர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகவும் சொல்கிறது. முடிவெடுப்பில் பங்கு உண்டு என்று பதிலளித்தவர்களும் அடி வாங்கியவர்களும் வேறு வேறு பெண்கள் அல்லர். இரு பட்டியலிலும் ஒரே பெயர்கள் கணிசமாக இருந்தே தீரும்.

எண்பதுகளில் கைக்கடிகாரமும் மோப்பெடும் செய்யத் தொடங்கிய ஓசூர் இன்று செல்போன் பாகங்களும் மின்வண்டிகளும் செய்கிறது. போச்சம்பள்ளி ஆலையை முழுக்கப் பெண்களால் நடத்துவோம் என்று ஓலா எலெக்ட்ரிக் அறிவித்தது 2021இல். சம்பளம் திருமண வயதைத் தள்ளிப்போடுகிறது. அந்த வழியாகக் குடும்ப அளவையும் தொடுகிறது. இது உண்மையான ஆதாயம். ஆனால் சம்பளத்தின் கணிசமான பங்கு நகைச்சீட்டுக்குப் போகிறது. அவள் சம்பாதிப்பது அவளுடைய வரதட்சணையை. கல்யாணமானால், அல்லது முதல் குழந்தை பிறந்தால், வேலை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நிற்காமல் தொடர்ந்தால் குழந்தையை யார் பார்ப்பது? அலகா பாசு, கௌஷிக் பாசுவுடன் 1991இல் எழுதிய கட்டுரை இந்த முரணை முன்பே சொன்னது: தாய் வேலைக்குப் போவது ஆண்–பெண் குழந்தை வேறுபாட்டைக் குறைக்கிறது, ஆனால் மொத்தக் குழந்தை இறப்பைச் சற்றே கூட்டுகிறது. காரணம் வேலை அல்ல. வேலை நேரத்தில் குழந்தைக்கு ஆள் இல்லாதது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதற்கான விடை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது நடைமுறையில் எட்டுகிறதா என்பதே ஓசூரில் குழந்தை நலத்தின் அடுத்த அளவுகோல். அந்தத் திருத்தமும் இருபத்தாறு வார விடுப்பை இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டது; மூன்றாவதுக்குப் பன்னிரண்டு. கோபாலசாமி இன்னும் பணி ஓய்வு பெறவில்லை.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம். தாய்வீட்டு அருகாமை பெண்ணுக்குப் பலம் என்ற முதல் ‘ஆகவே’ பாதி தேறுகிறது. அக்காள் மகள் மணத்தில் தோற்கிறது. தன்னுரிமையால் குடும்பம் சிறுத்தது என்ற இரண்டாவது, கிருஷ்ணகிரி அளவில் தள்ளுபடி; வரிசை பெரும்பாலும் மறுதலை. தன்னுரிமையால் குழந்தை பிழைத்தது என்ற மூன்றாவதை, வாசலுக்கு வரும் செவிலியரையும் இரவிலும் திறந்திருக்கும் பிரசவ அறையையும் சேர்த்துச் சொன்னால் ஏற்கலாம்; தனியே சொன்னால் ஏற்பதற்கில்லை; பெண் குழந்தையைப் பொறுத்தவரை சேர்த்துச் சொன்னாலும் முழுதாக இல்லை. டைசன்–மூர் கட்டுரை வடக்கையும் தெற்கையும் பிரித்துக் காட்டும் வரைபடமாக நிற்கும். தெற்குக்குள் ஒரு மாவட்டத்தை விளக்கும் கருவியாக நிற்காது.

இனி செய்ய வேண்டிய ஆய்வு எது என்பதும் தெளிவு: அஞ்செட்டியையும் எல்லைக்கு அப்பாலுள்ள கனகபுரா மலைக் கிராமங்களையும், ஓசூரையும் ஆனேக்கல்லையும் இணை இணையாக எடுத்து, பிறப்பு வரிசைப்படி பெண் குழந்தைகளின் பிழைப்பைத் தனியே எண்ணுவது. படிவத்தில் மேலும் இரண்டு கேள்விகள் வேண்டும். ஆபரேஷனை முதலில் பேசியது யார்? வேலைக்குப் போன பகலில் குழந்தை யாரிடம் இருந்தது?